இலைக்கல் கிணறு

சிலேட்டில் எழுதிப் படித்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் திருத்தணிக் கடைகளில் மண்ணெண்ணெய் கிடைக்காது, நல்ல துணி கிடைக்காது, ஒரு கட்டத்தில் பலப்பமும் கிடைக்காமல் போயிற்று. நீங்களெல்லாம் எதை வைத்து எழுதினீர்களோ தெரியாது. எங்கள் வகுப்புப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வெள்ளைக் கல்லால் எழுதினோம். அது எங்கள் கிணற்றிலிருந்து வந்தது. பாவாடையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

அந்தக் கல்லையும் அது வெளியே வந்த நாலு மாதத்தையும் பற்றி எழுதிவைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதில் சம்பந்தப்பட்ட பெரியவர்கள் யாரும் இன்றில்லை. அக்காவும் போன வருஷம் போய்விட்டாள்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, ரயில்வேயில் கார்டு. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் விசிலுமாகப் போகிறவர். வேலை அரக்கோணத்தில், வீடு திருத்தணியில் மலையடிவாரத்தில். வீட்டிலும் அவருக்கு எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும். அம்மா இலையில் சோறு வைக்கும்போது ஜேபியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். தாமதம் என்றால் திட்ட மாட்டார், எத்தனை நிமிஷம் என்று மட்டும் சொல்வார். அது திட்டுவதைவிட மோசமாக இருக்கும்.

ஊருக்குத் தெற்கே, அரக்கோணம் போகும் ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. கடைசிப் பெட்டியான அந்தப் பிரேக் வேனில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய நிலம். வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கொள்ளும் விளையும், சில வருஷம் அதுவும் விளையாது. அங்கே ஒரு கிணறு வெட்டிவிட்டால் வேலையை விட்டபின் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அவர் கணக்கு.

அந்த வருஷம் தை மாதத்தில் அக்காவும் பாவாவும் பொதட்டூர்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பாவா என்றால் அக்கா புருஷன். எங்கள் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் உறவுமுறை. பாவா தறி நெய்கிறவர். நூலுக்குக் கன்ட்ரோல் வந்து, பேட்டையில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. அக்காவுக்கு மூன்று மாதம். பிரசவம் வரைக்கும் இருக்கட்டும் என்று அம்மாதான் வரச்சொன்னாள். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படிப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. பாவா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ள மாட்டார் என்பது மட்டும் தெரியும். அவருக்குப் பசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்ததும் கிணறு வெட்ட ஆள் வந்தது. மேஸ்திரி ஒருவர், அவரோடு ஆறு ஆண்கள், மண் சுமக்க அவர்கள் வீட்டுப் பெண்கள். மேஸ்திரி குள்ளமானவர். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நிலத்தில் எங்கே நின்றாலும் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்ப்பார்.

மேலே ஓர் ஆள் மட்டத்துக்குச் செம்மண்ணும் கூழாங்கல்லும் வந்தன. பூசணிக்காய் அளவு உருண்டைக் கற்கள் கூட வந்தன. அதற்கும் கீழே பாறைதான் வரும், வெடி வைக்க வேண்டியிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சண்டைக் காலத்தில் வெடிமருந்துக்கு அனுமதி வாங்குவது லேசில்லை. அரக்கோணம் பக்கம் ஆகாய விமானம் இறங்கும் மைதானம் வந்திருந்த சமயம். தலைக்குமேல் விமானம் போனால் மண் சுமக்கும் பெண்கள் கூடையோடு நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த நிலைமையில் வெடி என்று வாயைத் திறந்தாலே போலீஸ் வந்து நிற்கும் என்று நைனா பயந்துகொண்டிருந்தார்.

ஆனால் பாறை வரவில்லை. வெள்ளையும் வெளிர் ஊதாவுமாக, அடுக்கடுக்காக ஒரு கல் வந்தது. கடப்பாரையை வைத்து நெம்பினால் தோசை தோசையாகப் பெயர்ந்தது. ஒரு நாளில் வெட்டுகிற ஆழத்தை அரை நாளில் வெட்டினார்கள். நைனாவுக்கு அந்தச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கிணறு டைமுக்கு முன்னால் ஓடுகிறது என்றார். ரயில்வேக்காரர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விடுவேன். அந்தக் கல்லில் இலை இருப்பதை முதலில் பார்த்தவர் பாவா. அவரும் சும்மா இருக்கப் பிடிக்காமல் கூலியாட்களோடு இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் நிழலில் உட்கார்ந்து, நூல் அறுக்கும் சின்னக் கத்தியை ஒரு துண்டுக் கல்லின் விளிம்பில் வைத்து லேசாகத் தட்டினார். கல் புத்தகம் மாதிரி இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே துருப்பிடித்த நிறத்தில் ஓர் இலை. நடுவில் ஈர்க்கு, இரண்டு பக்கமும் சீப்பின் பல் போல நெருக்கமான சின்னச் சின்ன இலைகள். ஈச்ச ஓலையைச் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுக்கவைத்தது போல இருந்தது. ஒரு பாதியில் இலை பதிந்திருந்தது, மறுபாதியில் அதன் அச்சு.

பாவா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பக்கத்துப் பற்களை எண்ணினார். முந்தானைக் கரைக்கு இது நன்றாக இருக்கும், இத்தனை இழைக்கு ஒரு பல் விட்டால் சரியாக வரும் என்றார். வந்த நாள் முதல் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் மத்தியான வேளைகளில் கல் பிளந்தோம். பிளந்ததும் முதல் மழை விழுந்த தெரு மாதிரி ஒரு வாசனை வரும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். இலையில்லாத துண்டுகளைப் பலப்பமாக உடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். இலையுள்ளவற்றை வீட்டுக் கூடத்து மாடத்தில் அடுக்கினேன். அம்மா அவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்து, இது முருகனுடைய மயிலிறகு என்று மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்தருகில் வைத்தாள். தெருப்பெண்கள் நாலைந்து பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் அது வெறும் இலை என்று சொல்லிச் சிரித்தாள்.

நாலாள் ஆழம் போனபோது மேஸ்திரி வேலையை நிறுத்தினார். அன்று நைனாவுக்கு ஓய்வு நாள், கிணற்றடியில்தான் இருந்தார். மேஸ்திரி பக்கச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து, குடிதண்ணீர்ச் சொம்பில் போட்டு நைனாவின் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கல்லின் ஓரங்கள் உதிர்ந்து தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது.

"ஐயா, இது கல்லு இல்லீங்க. காஞ்ச சேறு. தண்ணி பட்டா திரும்பவும் சேறாய்டும்" என்றார் மேஸ்திரி.

இதற்குமேல் ஆழம் போவதானால் முதலில் நாலு பக்கமும் சரிவாக வெட்டிவிட வேண்டும், மலைக்கல் கொண்டுவந்து சுவர் கட்டிக்கொண்டே இறங்க வேண்டும், இரண்டு மாதமாவது கூடப் பிடிக்கும் என்றார். நைனா கடிகாரத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடிக்கு முன்னால் தண்ணீர் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. வேலையை இழுத்தடிக்க இவன் வித்தை காட்டுகிறான் என்று அவர் நினைத்துவிட்டார். அப்படியே சொல்லவும் சொன்னார்.

மேஸ்திரி வாதாடவில்லை. "நான் எறங்க மாட்டேங்க. என் ஆளுங்களயும் எறக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அரைமைல் தள்ளி வேறொருவர் நிலத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பெரியவர்கள் ஒரு விஷயத்தில் தவறினால் பத்து வயதில் நமக்கு அது தெரிவதில்லை. எனக்கு மேஸ்திரிமேல்தான் கோபம் வந்தது. அவர் போனால் கிணறு நின்றுவிடும், இலைக்கல் வராது என்று நினைத்தேன். கிணறு நிற்கவில்லை. பாவாவும் கூலிக்குப் பிடித்த இரண்டு பண்ணையாட்களும் சேர்ந்து வெட்டினார்கள். பாவா உள்ளங்கை கிழிந்து துணி சுற்றிக்கொண்டு வருவார். அம்மா சோறு போடும்போது இப்போது மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் வடக்குச் சுவரில் ஒரு பெரிய இலை தெரிந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். முழுசாக, ஒரு பல் கூட உடையாமல் இருந்தது. அது வேண்டும் என்று பாவாவிடம் அடம் பிடித்தேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"வேணாம் பாப்பா. அத்த எடுத்தா சொவரு நிக்காது."

நான் ஒரு நாள் முழுவதும் அவரோடு பேசவில்லை. அவரும் அதை எடுக்கவில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை நைனா டியூட்டி முடிந்து வந்தவர், யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்துக்குக் கிளம்பினார். பாவாவும் நானும் கூடப் போனோம். பண்ணையாட்கள் இருவரும் கயிறு எடுத்துவரப் போயிருந்தார்கள்.

கிணற்றின் அடியில் தண்ணீர் நின்றது. நைனாவின் முகம் மாறிவிட்டது.

"மாப்ளே, ஊத்து தொறந்துகிச்சி போல கீது. எறங்கிப் பாருங்க."

பாவா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி வழியாக இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று கையை விட்டுத் துழாவினார். ஊற்று இல்லை, மழைத் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார். அப்போது நைனா மேலிருந்து, "வடக்கு மூலையில பாருங்க, அங்கதான் கசியுது" என்றார்.

பாவா திரும்பிப் போனார்.

சுவர் இடிந்து விழும் என்றுதான் நாம் நினைப்போம். அது விழவில்லை. ஈரச் சர்க்கரை சரிவது போல, பெரிய சத்தமில்லாமல், வடக்குப் பக்கம் முழுவதும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் மார்பு வரைக்கும் மூடியது. தலையும் ஒரு கையும் வெளியே இருந்தன.

மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் அரைமைல் ஓடிவந்தார்கள். யார் போய்ச் சொன்னது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை நானே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் எல்லோரையும் கிணற்று விளிம்பிலிருந்து விலகச் சொன்னார் மேஸ்திரி. பிறகு, இறங்க மாட்டேன் என்றவர், தானே இறங்கினார். கடப்பாரை வேண்டாம் என்று கையாலேயே மண்ணை அள்ளினார்கள். எடுத்து வெளியே கொண்டுவந்தபோது பாவாவின் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கண் திறந்திருந்தது.

அப்போது அரக்கோணம் பாசஞ்சர் வரும் நேரம். நைனா, அவர்களோடு ஓடிவந்திருந்த மண் சுமக்கும் ஒரு பெண்ணின் சிவப்புத் தலைத்துணியை வாங்கிக்கொண்டு ரயில் பாதைக்கு ஓடினார். தண்டவாளத்தின் நடுவில் நின்று அதை விசிறினார். வாழ்நாளில் ஒரு வண்டியை அநாவசியமாக ஒரு நிமிஷங்கூட நிறுத்தியறியாத மனிதர். வண்டி நின்றது. பாவாவைக் கயிற்றுக் கட்டிலோடு பிரேக் வேனில் ஏற்றினார்கள். நைனா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூனிபாரமெல்லாம் வெள்ளைச் சேறு. வண்டி புறப்பட்ட பிறகும் மேஸ்திரி தண்டவாளத்தருகிலேயே குந்தி உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் பாவா பதினோரு நாள் இருந்தார். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். மூன்றாம் நாள் அம்மா என்னையும் அழைத்துப் போனாள். அப்போதுதான் போலீஸ் ஏட்டு விசாரிக்க வந்தார். கிணறு வெட்டுகிற மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லியும் ஆளை இறக்கியது யார் என்பது அவருடைய கேள்வி. ரயிலை நிறுத்தியதற்கு ரயில்வேயிலும் எழுத்துமூலம் காரணம் கேட்டிருந்தார்கள். நைனா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

பாவா மெதுவாகத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும் எறக்கலீங்க. பாப்பா ஒரு எலக்கல்லு கேட்டுகினு இருந்தா. அத்த எடுக்க நானாத்தான் எறங்கினேன்."

ஏட்டு என்னைப் பார்த்து, கல் கேட்டாயா என்றார். நான் கேட்டது உண்மை. ஆமாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதுதான் நடந்ததாக ஊரில் நிலைத்தது. பாவா இறந்துபோன பிறகு அம்மா மாடத்திலிருந்த கற்களையும் சாமி படத்தருகில் இருந்ததையும் கூடையில் வாரிக்கொண்டுபோய் எங்கேயோ கொட்டினாள். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், கல்லுக்கு ஆசைப்பட்ட பெண் இவள்தான் என்று யாராவது காட்டுவார்கள். அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. பொறுக்கிக்கொண்டு திரிகிற புத்தி பள்ளிக்கூடத்தால் வந்தது என்றாள் அம்மா. நைனா அதை மறுக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் தெருவை நிறைத்துக்கொண்டு போனபோது, நானும் அக்காவும் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். மறு மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. அரக்கோணத்திலிருந்து வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக வளையலோ பிஸ்கோத்தோ வாங்கிவருவார். என் கையில் கொடுக்காமல் மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்தக் குழந்தையை அவர்தான் வளர்த்து, படிக்கவைத்து, ரயில்வேயில் சேர்த்துவிட்டார். கிணற்றைச் சுற்றி முள் போட்டு அடைத்தார். அதற்கப்புறம் அந்த நிலத்தில் கால் வைக்கவேயில்லை.

முப்பது வருஷம் கழித்து, அக்கா மகன் அந்த நிலத்தை விற்க ஏற்பாடு செய்தபோது நானும் ஒரு நாள் கூடப் போனேன். தூர்ந்துபோன பள்ளத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சின்னச் சுத்தியலோடு இறங்கியிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்திருந்த ஆசிரியர் நல்ல மாதிரி, கேட்டதும் விவரம் சொன்னார். இந்த இலைகள் டைனோசர்கள் உலவிய காலத்து மரங்களுடையவை. மல்லிகை, மா, வேம்பு என்று நாம் பார்க்கிற பூக்கிற வகையெல்லாம் இந்தப் பக்கத்தில் தலையெடுக்காத காலம். கடல் இதுவரைக்கும் வந்திருந்தது. கரையோரச் சேற்றில் விழுந்த இலைகள் சேற்றோடு சேர்ந்து இறுகிவிட்டன. அப்படியென்றால் இது கல்லா, சேறா என்று கேட்டேன். இரண்டும்தான், ரொம்ப நனைந்தால் பழையபடி குழைந்துவிடும் என்றார். அதை முன்பே ஒருவர் சொம்புத் தண்ணீரில் போட்டுக் காட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாணவி இலை பதிந்த துண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் நைனா போனார். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேனோ என்னவோ.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அக்காவும் நானும் சமையலறையில் இருந்தோம். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இனி சொன்னால் யாருக்கும் கேடில்லை என்று நினைத்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு பாவா எனக்காக எறங்கல. நைனாதான் எறங்கச் சொன்னாரு. ரெண்டு தபா சொன்னாரு. நான் கேட்டுகினு இருந்தேன்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும். உங்க பாவாவே எங்கிட்ட சொன்னாரு, ஆஸ்பத்திரியில."

அக்கா நறுக்கியதை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள். நைனா பெயர் எழுத்தில் வந்திருந்தால் வேலை போயிருக்கும், ஜெயில்கூட வந்திருக்கும் என்றாள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் நிற்க அந்த வீட்டைத் தவிர வேறு இடமில்லை. பாவா அதை யோசித்துத்தான் சொன்னார். "பாப்பாவுக்குப் பத்து வயசு, அத யாரும் ஒன்னும் பண்ண மாட்டாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஏட்டை உள்ளே வரச்சொன்னாராம். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாவா செய்தது சரிதான் என்று எனக்கு அங்கேயே பட்டது. அவரிடம் இருந்தது அந்த ஒரு வழிதான். ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது. நைனா ரிட்டையர் ஆகி, பையனுக்கும் வேலை கிடைத்த பிறகாவது எல்லோரிடமும் சொல்லியிருக்கலாமே என்றேன்.

அக்கா நறுக்குவதை நிறுத்தி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அதுக்குள்ள உனக்குப் பழகிடுச்சின்னு நெனச்சேன்."

பழகித்தான் போயிருந்தது. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. அவள் காய்த்தட்டை எடுத்துக்கொண்டு, முழங்காலில் ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் எழுந்துபோய்த் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளுக்குக் கை கொடுத்தேன்.